பிளாஷ் வெளிச்சமும் அத்தையின் கண்களும்

எங்கள் வீட்டு ஆல்பங்களில் ஒரு விசித்திரம் உண்டு. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், 2004 வரை எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் கண்ணை அகலத் திறந்து கேமராவை முறைத்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு எடுத்த படங்களில் கண் மூடியிருக்கும், அல்லது பாதி சொருகியிருக்கும். பேரன் காதுகுத்து, கொழுந்தியா வீட்டுப் பால்காய்ப்பு, தீபாவளி, எதுவும் விதிவிலக்கில்லை. "அம்மாவுக்கு வயசாயிட்டு, வெளிச்சம் தாங்க மாட்டேங்கு" என்றாள் என் மனைவி. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நம்பினேன். முப்பது வருஷத்துக்கு மேல் பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்தவன் அப்படி நம்பியதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வயது காரணமில்லை. 2004 கடைசியில் நான் டிஜிட்டல் கேமராவுக்கு மாறினேன், அதுதான் காரணம்.

அதைப் புரியவைக்கக் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும்.

படம் எடுக்க வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோகலாம் என்ற யோசனைக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1864-ல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பிரதர்ஸ் என்பவர் மக்னீசியம் கம்பியை எரித்து டெர்பிஷயரில் ஒரு சுரங்கத்துக்குள் படம் எடுத்தார். மறு வருஷம் பியாஸி ஸ்மித் என்ற வானியல் அறிஞர் எகிப்தில் பெரிய பிரமிடுக்குள் போய் அதே வேலையைச் செய்தார். கம்பி எரிந்தால் புகை கிளம்பும். அடுத்த படம் எடுக்கப் புகை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். 1887-ல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமணி சல்பைடும் கலந்து பிளாஷ் பவுடர் செய்தார்கள். சிவகாசி, கோவில்பட்டி வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடைசி இரண்டும் தீப்பெட்டி மருந்துச் சரக்கு. கூடவே மக்னீசியமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பொடியை வைத்து நியூயார்க் சேரிகளை இரவில் படம் எடுத்தவர் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகை நிருபர். ஒரு முறை ஓர் அறைக்குள் வெடித்துச் சுவரில் தீப்பிடித்துவிட்டது. தனியாக அடித்து அணைத்துவிட்டு வெளியே வந்து போலீஸ்காரரிடம் சொன்னால், அவர் சிரித்தாராம். அந்த வீடு அப்படியெல்லாம் எரியாது, சுவரில் படிந்த அழுக்கே தீயை அணைத்துவிடும் என்றாராம். ரீஸே எழுதியிருக்கிறார். அவருடைய புத்தகம் 1890-ல் வந்தது. அந்த இருட்டறைகளில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று வசதியானவர்கள் பார்த்தது அந்த ஒரு நொடி வெளிச்சத்தில்தான்.

பொடிக்குப் பிறகு 1930 வாக்கில் பல்பு வந்தது. கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய அலுமினியத் தாள், சுற்றிலும் ஆக்சிஜன். ஒரு படத்துக்கு ஒரு பல்பு. நான் 1973-ல் எங்கள் அண்ணாச்சியின் ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தபோது பல்பு காலம் முடிந்துவிட்டது. ஆனால் பல்பு அடிக்கும் கை விளக்கு ஒன்று மேஜை டிராயரில் கிடந்தது. எரிந்த பல்பை அவசரத்தில் வெறும் கையால் கழற்றி விரல் வெந்த தழும்பை அண்ணாச்சி எனக்குக் காட்டியிருக்கிறார்.

பல்பு போனாலும் அதன் ஆவி யாஷிகாவில் மிச்சமிருந்தது. லென்ஸ் பக்கத்தில் எம், எக்ஸ் என்று ஒரு சின்னக் குமிழ் இருக்கும். எம் என்றால் பல்புக்கு. பல்பு பற்றிப் பிரகாசமாவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதால் ஷட்டர் தாமதித்துத் திறக்கும். எக்ஸ் என்றால் எலக்ட்ரானிக் பிளாஷுக்கு. நான் முதன்முதலாகத் தனியாகப் போன சடங்கு வீட்டில் குமிழ் எம்மில் இருந்ததைக் கவனிக்கவில்லை. பிளாஷ் அடித்து முடிந்த பிறகு ஷட்டர் திறந்திருக்கிறது. பன்னிரண்டு படமும் வெற்று. அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காலி ரோலைக் கழுவிக் காயவைத்து டார்க் ரூம் கதவில் ஆணி அடித்து ஒரு வருஷம் தொங்கவிட்டிருந்தார்.

எலக்ட்ரானிக் பிளாஷின் தகப்பன் ஹெரால்டு எட்ஜெர்ட்டன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர். 1930-களின் தொடக்கத்தில், மின்சாரத்தைக் கெபாசிட்டரில் சேர்த்துவைத்து வாயு நிரப்பிய குழாய்க்குள் ஒரே அடியாகப் பாய்ச்சினால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் மின்னல் கிடைக்கும் என்று செய்து காட்டினார். பால் துளி விழுந்து கிரீடம் மாதிரி எழும்பும் படம் நீங்கள் பார்த்திருப்பீர்கள், அவர் எடுத்ததுதான். இரண்டாம் உலகப் போரில் அவருடைய ராட்சத பிளாஷை விமானத்தில் பொருத்தி, நார்மண்டியில் இறங்குவதற்கு முன் இரவில் தரையைப் படம் எடுத்தார்கள். நம் கேமரா தலையில் உட்கார்ந்திருக்கும் சின்ன டப்பாவும் அதே சரக்குத்தான்.

இந்த மின்னலுக்கு ஒரு குணம் உண்டு. அறைக் கதவை ஒரு நிமிஷம் திறந்துவைத்தாலும் ஒரு மணி நேரம் திறந்துவைத்தாலும் மின்னல் ஒரு தடவைதான் உள்ளே வரும். அதனால் ஷட்டர் வேகத்துக்கும் பிளாஷ் அளவுக்கும் சம்பந்தமில்லை. ஷட்டர் வேகம் கேமராவின் ஒத்திசைவு வேகத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும். இரண்டே விஷயங்கள்தான் கணக்கு: தூரம், லென்ஸ் துவாரம். ஆள் இரண்டு மடங்கு தள்ளி நின்றால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. இதற்காகத்தான் ஒவ்வொரு பிளாஷுக்கும் கைடு நம்பர் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் எண்பதுகளில் மூலைக்கு மூலை மின்னிய விவிட்டார் 283-க்கு, நூறு ஸ்பீடு ஃபிலிமில், அடிக் கணக்கில் 120. ஆள் பதினைந்து அடியில் நின்றால் 120-ஐ 15-ஆல் வகுங்கள், எஃப் 8. இவ்வளவுதான் சூத்திரம்.

அண்ணாச்சி கல்யாண மண்டபத்துக்குப் போனதும் முதலில் தரையைப் பார்ப்பார். மொசைக் கல் ஒன்று எத்தனை அங்குலம் என்று செருப்புக் காலால் அளந்துவிட்டு, மணவறையிலிருந்து கல்லை எண்ணிக்கொண்டே பின்னால் வருவார். அப்புறம் முகூர்த்தம் முடியும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். இன்னொரு பாடமும் சொன்னார். பிளாஷின் பின்னால் எரியும் சிவப்பு விளக்கு, கெபாசிட்டர் முழுக்க நிறைவதற்கு முன்பே எரிந்துவிடும். "ஏல, வெளக்கு எரிஞ்ச ஒடனே அமுக்காத. அஞ்சு எண்ணு, பெறவு அமுக்கு." பேட்டரி தளர்ந்த நேரமென்றால் பத்து. முதல் படம் நன்றாக வந்து இரண்டாவது படம் இருண்டு போவதற்கு பல வீடுகளில் இதுதான் காரணம்.

பிறகு ஆட்டோ வந்தது. பிளாஷின் முகத்தில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் கண். ஆள் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, போதும் என்றதும் மின்னலை வெட்டிவிடும். தைரிஸ்டர் வகை வந்தபின் வெட்டிய மிச்சம் கெபாசிட்டரிலேயே சேமிப்பாக நிற்கும். 1975-ல் ஜப்பானில் ஒலிம்பஸ் கம்பெனி ஓஎம்-2 என்ற கேமராவில் அந்தக் கண்ணைக் கேமராவுக்குள்ளேயே வைத்தது. ஷட்டர் திறந்திருக்கும்போது ஃபிலிம் பரப்பிலிருந்து பிரதிபலிக்கும் வெளிச்சத்தையே அளந்து பிளாஷை நிறுத்தும். மைத்தானி என்ற பொறியாளரின் கைவண்ணம். ஃபிலிம் எவ்வளவு குடித்ததோ அதையே அளப்பதால் ஃபில்டர் போட்டாலும் லென்ஸ் மாற்றினாலும் கவலையில்லை. இதைவிட நேர்மையான ஏற்பாடு இன்றுவரை வரவில்லை என்பது என் கட்சி.

கூடவே கலர் நெகட்டிவின் பெருந்தன்மையையும் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு ஸ்டாப் கூடிப்போனாலும் லேபில் பிரிண்ட் போடுகிற பையன் சரிக்கட்டிவிடுவான். எங்கள் தப்பில் பாதி அவன் கையில் கரைந்துவிடும். நாங்கள் எல்லோரும் பெரிய கைகாரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு அந்தப் பையன்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

டிஜிட்டல் வந்ததும் இந்த இரண்டு ஆதரவும் ஒரே நேரத்தில் போயிற்று. ஃபிலிம் மங்கலான பரப்பு, எங்கும் ஒரே மாதிரி வெளிச்சத்தைச் சிதறடிக்கும். சென்சாரோ மேலே கண்ணாடி போட்ட பளபளப்பான சில்லு. அதில் பட்டுத் திரும்புவதை நம்பி அளக்க முடியாது. ஆகவே கம்பெனிகள் வேறு வழிக்குப் போனார்கள். கண்ணாடி மேலே எழும்புவதற்கு முன்பே பிளாஷ் ஒரு சின்ன மின்னல் அடிக்கும். அது ஆள் மேல் பட்டுத் திரும்புவதைக் கேமராவின் மீட்டர் படித்து, இவ்வளவு போதும் என்று கணக்குப் போடும். அப்புறம் கண்ணாடி எழும்பி, ஷட்டர் திறந்து, நிஜ மின்னல். கேனன் 1995-லேயே ஃபிலிம் கேமராவில் இ-டிடிஎல் என்று இதைத் தொடங்கியிருந்தது. நிக்கான் 1999-ல் டி1 கேமராவோடு டி-டிடிஎல் கொண்டுவந்தது. இரண்டு மின்னலும் நம் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் இமை சிலருக்கு ரொம்பச் சுறுசுறுப்பு. முதல் மின்னலுக்கே மூட ஆரம்பித்து, நிஜ மின்னல் வரும்போது பாதி மூடியிருக்கும். எங்கள் அத்தை அந்த ஜாதி. அதுவரை ஒரே மின்னல்தான் என்பதால் அவர் மூடுவதற்குள் படம் முடிந்துபோயிருந்தது.

கண் மூடியது சின்ன விஷயம். இனி சொல்லப்போவது சின்ன விஷயமில்லை.

2005 பிப்ரவரியில் எங்கள் பக்கத்துத் தேவாலயத்தில் ஒரு கல்யாணம். ஃபிலிம் கேமரா துணையில்லாமல் டிஜிட்டலை மட்டும் நம்பிப் போன முதல் கல்யாணம் அது. எந்தக் கம்பெனி கேமரா என்று சொல்லப் போவதில்லை. அந்த நாளில் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வியாதி. நம் ஊர் கிறிஸ்தவக் கல்யாணம் தெரியுமில்லையா, பெண்ணுக்கு வெள்ளைப் பட்டு, மாப்பிள்ளைக்குக் கறுப்புக் கோட்டு. பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மகள் கையைப் பிடித்து நடந்து வந்தார். ரிட்டயர்டு வாத்தியார். சாதாரணமாகச் சிரிக்காதவர், அன்று முகம் முழுக்கச் சிரிப்பு.

நான் வரிசையாக அடித்தேன். கேமராவின் பின்னால் தீப்பெட்டி அளவு திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. இரவு கம்ப்யூட்டரில் போட்டால் வயிறு கலங்கியது. வெள்ளைச் சேலையும் வெள்ளை வேட்டியும் முன் மின்னலை அள்ளித் திருப்பி அனுப்ப, கேமரா 'இவ்வளவு வெளிச்சமா' என்று பயந்து நிஜ மின்னலைச் சுருக்கியிருக்கிறது. துணி சாம்பல் நிறம், அப்பா முகமும் மகள் முகமும் கருநிழல். மாப்பிள்ளை பக்கத்தில் வந்ததும் ஃபோகஸ் புள்ளி கறுப்புக் கோட்டில் விழுந்து, மீட்டர் அதையே பிரதானமாக எடுத்துக்கொண்டு வெளிச்சத்தை வாரி இறைத்திருக்கிறது. சேலை ஒரு வெள்ளைத் தாள், ஒரு மடிப்பு இல்லை, ஒரு ஜரிகை இல்லை. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படம் ஒன்றுபோல் இல்லை.

முடிந்தவரை சரிசெய்து ஆல்பம் கொடுத்தேன். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். ஆகஸ்டில் வாத்தியார் தவறிவிட்டார். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் கடைக்கு வந்தது. "அங்கிள், அப்பா என் கையைப் பிடிச்சு வந்தாங்கல்லா, சிரிச்சுக்கிட்டு. அதைப் பெருசாப் போட்டுத் தாங்க." இருட்டு முகத்தைக் கம்ப்யூட்டரில் தூக்கத் தூக்கத் தோலில் மணல் மணலாகப் புள்ளியும் ஊதாத் திட்டுமாக வந்தது. கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன். கடைசியில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒன்று போட்டுக் கொடுத்துக் காசு வேண்டாம் என்றேன். பெண் ஒன்றும் சொல்லாமல் காசை மேஜையில் வைத்துவிட்டுப் போனது. மறு வருஷம் அந்த வீட்டுக்கு வேறொரு விசேஷத்துக்குப் போனேன். நடு ஹாலில் மாலை போட்டு மாட்டியிருந்தது என் படம் இல்லை. எப்போதோ பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த ஸ்டாம்பு சைஸ் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். அதில் அவர் சிரிக்கவில்லை. காப்பி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பெண் கடையை விட்டுப் போன அன்றிலிருந்து ஒரு மாதம் ராத்திரி ஸ்டூடியோவில் சோதனை. மனைவியை வெள்ளைச் சேலை கட்டி நிற்கச் சொன்னேன். "நல்லா இருக்கே நீங்க கேக்கது" என்று உள்ளே போய்விட்டாள், தப்பு என்னுடையதுதான். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளை வேட்டியைப் போர்த்தி, மேலே முகத்துக்குப் பதிலாக உரித்த தேங்காயை வைத்தேன். இன்னொரு நாற்காலிக்கு என் கல்யாணக் கோட்டு. கேமராவின் தானியங்கியில் வெள்ளை வேட்டித் தேங்காய் இருண்டது, கோட்டுத் தேங்காய் வெளிறியது. பழைய விவிட்டாரின் ஆட்டோவிலும் வித்தியாசம் இருந்தது. ஆனால் அது அகலப் பார்த்துச் சராசரி எடுக்கிற கண், ஒரே அளவில் ஒரே பக்கம் தவறும். வெள்ளைக்கு இவ்வளவு கூட்டு, கறுப்புக்கு இவ்வளவு குறை என்று பழகிக்கொள்ளலாம். கடைசியில் எல்லாத் தானியங்கியையும் அணைத்துவிட்டு, அண்ணாச்சி மாதிரி கல்லை எண்ணிக் கைடு நம்பரில் அடித்தேன். இரண்டு தேங்காயும் ஒன்றுபோல் வந்தன. தூரத்துக்குக் கறுப்பு வெளுப்பு தெரியாது.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், யாராவது பரணிலிருந்து பழைய பிளாஷை இறக்கிப் பேரன் கேமராவில் மாட்டிவிடாதீர்கள். அந்தக் கால பிளாஷ் சிலவற்றில் அடிக் காலில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஃபிலிம் கேமராவில் வெறும் உலோகத் தொடர்பு என்பதால் தாங்கியது. டிஜிட்டலின் மென்மையான சுற்று தாங்காது. தூத்துக்குடிப் பக்கம் தொழில் நண்பர் ஒருவர் இப்படி ஒரு கேமராவைப் பலிகொடுத்தார். என் விவிட்டாரை மீட்டர் வைத்துப் பார்த்தேன், 240. சோதனைகூடக் கேமரா மேல் மாட்டாமல் தனியாக, ஒளி பட்டால் அடிக்கிற ஸ்லேவ் வைத்துத்தான் செய்தேன். அதிலும் முன் மின்னலுக்கே ஸ்லேவ் ஏமாந்து அடித்துவிட்டு, நிஜப் படத்தின்போது கைவிரிக்கும். அதற்கும் மேனுவல்தான் மருந்து, மேனுவலில் முன் மின்னல் கிடையாது.

அதன் பிறகு தேவாலயங்களில் என் முறை இதுதான். முன்கூட்டியே போய், நடைபாதையில் ஒரு பெஞ்சைக் குறித்துக்கொள்வேன். அதிலிருந்து பத்து அடியில் நான். புது பிளாஷும் ஏறக்குறைய அதே 120 பலம். பாதி பலத்தில் வைத்து ஐஎஸ்ஓ 200 போட்டால் கணக்கு மறுபடி 120-க்கே வரும். பத்தால் வகுத்தால் 12, துவாரம் எஃப் 11. பாதி பலம் என்பதால் சீக்கிரம் நிறையும், அஞ்சு எண்ணத் தேவையில்லை. பெண்ணும் அப்பாவும் அந்தப் பெஞ்சுக்கு வரும்போது அமுக்கினால் சேலையின் மடிப்பும் இருக்கும், முகமும் இருக்கும். ஒவ்வொரு சேலைக்கும் திரையில் படத்தை நம்பாமல் ஹிஸ்டோகிராமைப் பார்ப்பேன். வலது ஓரத்தில் மலை முட்டி நின்றால் வெள்ளை வெந்துவிட்டது என்று அர்த்தம். ரா ஃபைலாகவும் எடுத்து வைப்பேன். அது டிஜிட்டல் காலத்து நெகட்டிவ், லேப் பையனின் பெருந்தன்மையில் கொஞ்சம் அதிலும் உண்டு.

கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 2003-ல் நிக்கான் ஐ-டிடிஎல், 2004-ல் கேனன் இ-டிடிஎல் இரண்டு என்று திருத்திக்கொண்டு வந்தார்கள். கேனனின் புது முறையில் ஃபோகஸ் புள்ளி விழுந்த இடத்தையே பிடித்துத் தொங்குவது நின்றது. லென்ஸ் சொல்லும் தூரத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தூரத்தை எண்ணு என்பதைத்தானே அண்ணாச்சி செருப்புக் காலால் செய்துகொண்டிருந்தார்.

மண்டபத்தில் கூட்டமாக நிற்பவர்களைச் சுற்றிச் சுற்றி எடுக்கும்போது கல்லை எண்ண முடியாது. அங்கே எனக்கு உதவியது பிளாஷ் லாக் பட்டன். அதை அமுக்கினால் முன் மின்னல் மட்டும் அப்போதே அடித்து அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேனனில் பதினாறு விநாடி நிற்கும். நான் சேலையை விட்டுவிட்டு முகத்தின் மேல் மையத்தை வைத்து லாக் செய்வேன். எல்லா மீட்டரும் உலகம் பதினெட்டு சதவீதச் சாம்பல் என்று நினைத்துத்தான் அளக்கும். நம் ஊர் மாநிறம் அதற்கு ஏறக்குறைய பக்கத்தில்தான். பிறகு சட்டகத்தைச் சரிசெய்து நிதானமாக எடுக்கலாம்.

அந்தப் பட்டனை வைத்துத்தான் அத்தையின் எண்பதாவது பிறந்தநாளில் கணக்கைத் தீர்த்தேன். நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தில் மையம் வைத்து லாக் அமுக்கினேன். சின்ன மின்னல். அத்தை வழக்கம்போல் இறுக்கிக் கண்ணை மூடினார். நான் கேமராவை இறக்கவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்து, "எடுத்தாச்சா மருமவனே?" என்றார்.

"எடுத்தாச்சு அத்தை" என்று சொல்லிக்கொண்டே ஷட்டரை அமுக்கினேன். இப்போது கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். கண் இரண்டும் திறந்திருக்கிறது, வாய் ஏதோ கேட்க வருகிற மாதிரி லேசாகப் பிளந்திருக்கிறது.